இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் கைக்கு வந்த பிறகு எந்தப் பக்கம் திரும்புவது?

இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் என்பது வெளியே எதுவும் தெரியாத மேகத்திலும் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் தகுதி. அந்தத் தேர்வில் தேறிய பைலட்டுக்கு அறிவுரை சொல்ல ஆள் பஞ்சம் இல்லை. பயிற்சிப் பள்ளி கமர்ஷியலில், அதாவது கூலிக்குப் பறப்பதற்கான உரிமப் பயிற்சியில், சேரச் சொல்லும்; அதன் பிழைப்பு அது. பறக்கும் கிளப்பின் மூத்த உறுப்பினர் இரட்டை எஞ்சின் பக்கம் கையைக் காட்டுவார். விமானம் விற்பவர் சொந்தமாக ஒன்று வாங்கினால்தான் இந்த ரேட்டிங்குக்கே பயன் என்பார். இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: இரண்டு வருடம் கழித்து நீங்கள் யாரை ஏற்றிக்கொண்டு, எந்த விமானத்தில், எப்படிப்பட்ட வானிலையில் பறக்கப் போகிறீர்கள்? அதற்கு விடை தெரியாமல் அடுத்த ரேட்டிங்கைத் தேடுவது பணத்துக்கும் நேரத்துக்கும் கேடு.

இந்தக் கட்டுரையில் வரும் மணிக்கணக்கும் விதிகளும் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ-வின் விதிகளைச் சார்ந்தவை. தனியார் பைலட் உரிமத்தோடு இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் எடுப்பவர்கள் மிகுதியாக இருப்பது அங்கேதான். மற்ற நாடுகளில் எண்கள் மாறும். தேர்வுகளின் குணம் பெரிதாக மாறாது.

எதையும் சேர்க்காமல் இருப்பது

முதல் வழியை யாரும் ஒரு வழியாகவே மதிப்பதில்லை. புதிதாக எதிலும் சேராமல், கையில் இருக்கும் ரேட்டிங்கை உயிரோடு வைத்திருப்பதுதான் அது. கேட்கச் சுலபமாகத் தோன்றினாலும், இங்கே பேசப்போகும் வழிகளிலேயே அதிக ஒழுக்கம் கேட்பது இதுதான் என்பது என் கருத்து.

சட்டம் கேட்பது கொஞ்சம்தான். முந்தைய 6 காலண்டர் மாதங்களுக்குள் 6 இன்ஸ்ட்ருமென்ட் அப்ரோச் (கருவிகளை நம்பி ஓடுபாதையை நோக்கி இறங்கி வருதல்), ஹோல்டிங் (ஓரிடத்தைச் சுற்றிக் காத்திருத்தல்), வழிகாட்டுக் கருவியின் தடத்தைப் பிடித்துத் தொடர்தல் ஆகியவற்றைச் செய்திருக்க வேண்டும். மேகத்தில் செய்யலாம், வெளியே தெரியாமல் கண்ணை மறைக்கும் ஹூட் அணிந்து, பக்கத்தில் வெளியே கவனிக்கும் ஒரு பாதுகாப்பு பைலட்டை வைத்துக்கொண்டும் செய்யலாம். விட்டுப்போனால் அடுத்த 6 மாதத்துக்குள் அதே ஹூட் முறையில் ஈடுகட்டலாம். அதையும் தவறவிட்டவர் பயிற்றுநரிடமோ தேர்வாளரிடமோ திறன் சோதனையில் தேறிய பிறகுதான் மீண்டும் கருவிப் பறப்புத் திட்டம் பதிவுசெய்ய முடியும். ஐரோப்பிய விதிகள் இன்னும் கறார்: அங்கே இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கின் ஆயுளே ஓராண்டுதான்.

இந்த 6 அப்ரோச்சுகளும் சட்டத்துக்குப் போதும், மேகத்துக்குப் போதாது. ரேட்டிங்குக்குத் தேவையான 40 மணி நேரக் கருவிப் பறப்பு நிஜ மேகத்திலோ ஹூட் அணிந்தோ இருக்கலாம் என்றுதான் விதி சொல்கிறது. ஆகவே ஒரு முறைகூட மேகத்துக்குள் நுழையாமல் ரேட்டிங் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். ஹூட்டின் ஓரத்தில் வெளிச்சம் கசியும். விமானம் திரும்பும்போது நிழல் நகர்வது தெரியும். மனம் அதைத் தன்னை அறியாமலே பயன்படுத்திக்கொள்ளும். மேகத்துக்குள் அந்த உதவி கிடையாது. காதுக்குள் இருக்கும் அரைவட்டக் குழாய்கள் மிக மெதுவான திருப்பத்தை உணர்வதே இல்லை. ஒரே சீராகத் தொடரும் திருப்பத்தையும் சிறிது நேரத்தில் நேர்ப் பறப்பு என்று ஏற்றுக்கொண்டுவிடும். அப்புறம் இறக்கைகளைச் சமப்படுத்தினால், எதிர்ப்பக்கம் சாய்வதாக உடல் அலறும். இதைப் புத்தகத்தில் படிப்பது வேறு, மழை கண்ணாடியில் அடிக்கும்போது, கட்டுப்பாட்டு அறையிலிருந்து புதிய பாதையை வாசிக்கும்போது, ஒற்றை ஆளாகச் சமாளிப்பது வேறு.

இத்தனைக்கும் சட்டம் புதியவரையும் பழையவரையும் ஒரே மாதிரி நடத்துகிறது. ரேடியோ அலையால் ஓடுபாதைக்கு வழிகாட்டும் வழக்கமான ஐஎல்எஸ் அப்ரோச்சில் 200 அடி உயரம் வரை, அரை மைல் பார்வைத் தூரத்தில் இறங்கி வரலாம். தனிப்பட்ட பறப்பில் புறப்படுவதற்குக் குறைந்தபட்சப் பார்வைத் தூரமே கிடையாது. ஓடுபாதையின் முனை தெரியாத மூடுபனியில் கிளம்பினாலும் அது விதிமீறல் அல்ல. தேர்வு முடிந்த மறுநாளே குடும்பத்தை ஏற்றிக்கொண்டு இதைச் செய்ய உங்களுக்கு உரிமை இருக்கிறது. அந்த உரிமையை அப்படியே பயன்படுத்துபவரோடு நான் ஏறமாட்டேன்.

அதனால் முதல் ஆண்டுக்கு நான் சொல்லும் திட்டம் எளிமையானது. நீங்களே உங்களுக்கு ஒரு எல்லை வகுத்து, எழுதி வையுங்கள்: மேகத்தளம் 1,000 அடிக்குக் குறையக் கூடாது, பார்வைத் தூரம் 3 மைலுக்குக் குறையக் கூடாது என்பதுபோல. பயிற்றுநரை அழைத்துக்கொண்டு நிஜ மேகத்தைத் தேடிப் போங்கள். இடியும் உறைபனியும் இல்லாத, கீழே போதிய உயரம் விட்டுப் பரந்து கிடக்கும் படலமேகம் இதற்கு உகந்த வகுப்பறை. பழக்கம் ஏற ஏற எல்லையைப் படிப்படியாகத் தாழ்த்தலாம். பறக்காமல் ஒரு மாதம் போனால் மறுபடி உயர்த்திவிட வேண்டும். இந்த இரண்டாவது பாதியைத்தான் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

அந்த ஒரு வருடத்தில் இன்னொன்றும் தெளிவாகும். இந்த ரேட்டிங் மோசமான வானிலை முழுவதையும் திறந்துவிடுவதில்லை; அதில் ஒரு கீற்றைத்தான் திறக்கிறது. தாழ்ந்த படலமேகம், புகைமூட்டம், ஈரமூட்டம் ஆகியவற்றை அது வெல்லும். சாதாரண ஒற்றை எஞ்சின் விமானம் உறைபனியில் பறக்கச் சான்று பெற்றதல்ல. இறக்கையில் பனி ஏறினால் எந்த ரேட்டிங்கும் அதைக் கரைக்காது. இடிமேகத்திலிருந்து 20 மைலாவது விலகி இருக்க வேண்டும் என்பது ஏட்டு விதி. காக்பிட் திரையில் வரும் ரேடார் படத்தை நம்பி இடிமேகங்களுக்கு நடுவே சந்து தேடுபவர்கள் உண்டு. அந்தப் படம் திரையில் காட்டும் வயதைவிட 15, 20 நிமிடம் பழையதாக இருக்கக்கூடும் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-இலேயே எச்சரித்தது. 20 நிமிடத்தில் ஒரு மேகக்கூட்டம் எவ்வளவு நகரும், எவ்வளவு வளரும் என்பதைக் கோடையில் வானத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் பயணங்கள் இரத்தாகும் காரணங்களை ஒரு வருடம் குறித்து வைத்தால், அடுத்த செலவு எங்கே போக வேண்டும் என்று அந்தக் குறிப்பே காட்டிக்கொடுக்கும். பெரும்பாலும் பனி, இடி, மலைத்தொடர் என்று வந்தால், தடை உங்கள் உரிமத்தில் இல்லை, விமானத்தில் இருக்கிறது. உங்கள் கைப்பழக்கம் போதவில்லை என்று வந்தால் பயிற்சியைக் கூட்டுங்கள்.

கமர்ஷியல்: சம்பளம் வேண்டாதவருக்கும் பயன்படுமா?

அடுத்த படியாக எல்லோரும் சொல்வது கமர்ஷியல் பைலட் உரிமம். பொதுவான வழியில் 250 மணி நேரம் வேண்டும். எஃப்ஏஏ அங்கீகரித்த பாடத்திட்டப் பள்ளியில் 190. சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓ வகுத்த அடிப்படை அளவு 200, அங்கீகரித்த பயிற்சியாக இருந்தால் 150. அமெரிக்காவின் 250-இல் 100 மணி நேரம் நீங்களே விமானத்துக்குப் பொறுப்பான பைலட்-இன்-கமாண்டாக இருக்க வேண்டும், 50 மணி நேரம் தொலைதூரப் பறப்பாக இருக்க வேண்டும். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்காக இந்த 50 மணி நேரத் தொலைதூரப் பறப்பை ஏற்கனவே முடித்திருப்பீர்கள்.

மிச்சம் இருப்பவற்றில் ருசியானது தனியாகப் போகும் நீண்ட பயணம்: மொத்தம் 300 கடல் மைலுக்குக் குறையாமல், மூன்று இடங்களில் இறங்கி, அவற்றில் ஒன்றாவது புறப்பட்ட இடத்திலிருந்து நேர்கோட்டில் 250 கடல் மைல் தள்ளி இருக்க வேண்டும். இரவில் 5 மணி நேரம், டவர் இருக்கும் விமான நிலையத்தில் 10 ஏற்றமும் 10 இறக்கமும் வேண்டும். முன்பு, மடங்கும் சக்கரமும் கோணம் மாற்றும் புரொப்பெல்லரும் உள்ள விமானத்தில் 10 மணி நேரம் கட்டாயமாக இருந்தது. 2018-இல் விதி மாறி, திரைகளும் ஆட்டோபைலட்டும் உள்ள நவீன விமானமும் அதற்கு ஈடாக ஏற்கப்படுகிறது. பழைய விமானம் கிடைக்காமல் திண்டாடியவர்களுக்கு அது பெரிய விடுதலை.

கருவிப் பயிற்சி 10 மணி நேரம் என்றும் ஒரு வரி இருக்கிறது. இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்காகச் செய்ததே இதற்கும் பொருந்தக்கூடும். ஆனால் விதி கேட்கும் பயிற்சிகளைப் பயிற்றுநர் உங்கள் பறப்புப் பதிவேடான லாக்புக்கில் எப்படி எழுதியிருக்கிறார் என்பதைப் பொறுத்தது அது. அவர் ஊரைவிட்டுப் போவதற்கு முன்பே அந்தப் பக்கங்களை ஒரு முறை புரட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது.

பணம் சம்பாதிக்கும் எண்ணமே இல்லாதவர் இதைச் செய்யலாமா? செய்யலாம் என்பதே என் பக்கம். காரணம் உரிமச்சீட்டு அல்ல, பயிற்சி. இன்ஸ்ட்ருமென்ட் பயிற்சி மாதக்கணக்கில் கண்ணைக் காக்பிட்டுக்குள் கட்டிப்போட்டுவிடும். கமர்ஷியல் பயிற்சி அதை மறுபடி வெளியே இழுத்துவிடும். ஏறிக்கொண்டே திரும்பும் சாண்டெல், ஏறி இறங்கி எட்டு வரையும் லேசி எய்ட், தரையில் இரண்டு புள்ளிகளைச் சுழல்மையமாக வைத்துச் செய்யும் எட்டு வடிவம், செங்குத்துச் சுருள் என இவற்றில் வேகம், உயரம், சாய்வு என ஏதாவது மாறிக்கொண்டே இருக்கும். வலது காலும் இடது காலும் சும்மா இருக்க முடியாது. எஞ்சின் விசையைக் குறைத்துவிட்டு, ஓடுபாதைக்கு இணையாகப் போகும் இடத்திலிருந்து 180 டிகிரி திரும்பி, குறித்த புள்ளிக்கு முன்னால் விழாமல், அதைத் தாண்டி 200 அடிக்குள் தரைதொட வேண்டும் என்பது தேர்வில் பலரை வியர்க்க வைக்கும் பகுதி. எஞ்சின் நின்றுபோகும் ஒரு நாளில் கை கொடுக்கப்போவது இதுதான்.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. லாக்புக்கில் ஏற்கனவே 200 மணி நேரம் தாண்டியவருக்கு இது நல்ல பேரம். 130 மணி நேரத்தில் நிற்பவர் எண்ணிக்கையை நிரப்புவதற்காகவே வாடகை விமானத்தில் வட்டமடித்துக்கொண்டிருந்தால் அது வீண். அந்த 120 மணி நேரமும் எங்கேயாவது போவதற்காகச் செலவாகட்டும். கருவிப் பறப்புத் திட்டம் பதிவுசெய்து போகட்டும். அப்போது முதல் வழியும் இரண்டாவது வழியும் ஒரே செலவில் முடிந்துவிடும்.

கமர்ஷியல் உரிமம் எதை அனுமதிக்கிறது என்பதில் நிறைய மயக்கம் இருக்கிறது. தனியார் பைலட் பயணிகளோடு செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். எரிபொருள், எண்ணெய், விமான நிலையக் கட்டணம், வாடகை ஆகியவற்றில் தன் பங்குக்குக் குறையாமல் அவர் கட்டியே ஆக வேண்டும். கமர்ஷியல் பைலட் கூலி வாங்கலாம். ஆனால் நானே விமானம் வைத்திருக்கிறேன், காசு கொடுத்தால் கொண்டுபோய் விடுகிறேன் என்று ஊரறியச் சொல்ல முடியாது. அது வாடகை விமான நிறுவனத்துக்கான தனிச் சான்றிதழ் கேட்கும் தொழில். அப்படிப்பட்ட நிறுவனத்தில் பைலட்-இன்-கமாண்டாகப் பறக்கவும், வெளியே பார்த்து ஓட்டும் பார்வைப் பறப்புக்கு 500 மணி நேரம், கருவிப் பறப்புக்கு 1,200 மணி நேரம் வேண்டும். 250 மணி நேரத்தில் நேராகக் கிடைப்பவை பயிற்சி கொடுத்தல், வான்வழிப் படமெடுப்பு, விளம்பரப் பதாகை இழுத்தல், பயிர்களுக்கு மருந்து தெளித்தல், விமானத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தல் போன்றவை. கூலிக்குப் பறக்கும்போது இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்றும் வேண்டும்.

ஒரு விதத்தில் நீங்கள் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் இல்லாமல் கமர்ஷியல் எடுப்பவர் 50 கடல் மைலுக்கு மேற்பட்ட தொலைதூரப் பறப்பிலோ, இரவிலோ கூலிக்குப் பயணிகளை ஏற்ற முடியாது. அந்தத் தளை உங்களுக்கு இல்லை.

இரட்டை எஞ்சின்

இது கவர்ச்சியான வழி. சேர்ப்பு ரேட்டிங்காக எடுத்தால் குறைந்தபட்ச மணிக்கணக்கு இல்லை, எழுத்துத் தேர்வு இல்லை, சில நாட்களில் முடிந்துவிடும். முடித்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் சிக்கல்.

இரண்டு எஞ்சினில் ஒன்று நின்றால் பாதி சக்தி போகிறது. ஆனால் மேலேறும் திறனில் 80 சதவீதமோ அதற்கு மேலோ போய்விடுகிறது. சிறிய இரட்டை எஞ்சின் விமானங்களில் பலவற்றுக்கு ஒற்றை எஞ்சினில் மேலேறிக் காட்ட வேண்டும் என்ற கட்டாயம்கூடச் சான்றளிப்பு விதிகளில் இருந்ததில்லை. வேகம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால், ஓடும் எஞ்சின் இழுக்கும் பக்கத்தைச் சமன்செய்ய வாலில் இருக்கும் ரடருக்கு வலு போதாது, விமானம் புரண்டுவிடும். இதைத் தவிர்க்கும் கைவேலை சில நொடிகளுக்குள் நடக்க வேண்டியது. மாதத்துக்கு ஒரு முறை பறப்பவரின் கைக்கு அந்த வேகம் தங்காது. இரட்டை எஞ்சின் விமானத்தைத் தனியாக வாடகைக்குக் கொடுக்கும் இடங்கள் அரிது. கொடுத்தாலும் காப்பீட்டு நிறுவனம் கேட்கும் மணிக்கணக்கு உங்களிடம் இருக்காது.

இன்னொரு நுணுக்கம்: ஒரு எஞ்சின் நின்ற நிலையில் இன்ஸ்ட்ருமென்ட் அப்ரோச் செய்துகாட்டினால்தான் உங்கள் கருவிப் பறப்பு உரிமை இரட்டை எஞ்சினுக்கும் பொருந்தும். இல்லாவிட்டால் சான்றிதழில் பார்வைப் பறப்புக்கு மட்டும் என்று அச்சாகிவிடும். இவ்வளவு செலவழித்து அந்த வரியோடு வெளியே வருவது பரிதாபம்.

விமான நிறுவன வேலைக்குப் போகிறவர் இதைத் தவிர்க்க முடியாது. அங்கே தேவைப்படும் உயர்நிலை உரிமத்துக்கு இரட்டை எஞ்சினில் 50 மணி நேரம் வேண்டும். அவரும் கமர்ஷியலுக்குப் பிறகு வைத்துக்கொள்வதே சிக்கனம். மற்றவர்கள், சொந்தமாகவோ பங்காகவோ ஒரு இரட்டை எஞ்சின் விமானம் கைக்கு வரும் தேதி தெரிந்த பிறகு யோசித்தால் போதும்.

பயிற்றுநர் ஆவது

நான் முன்னுக்குத் தள்ளும் வழி இது. வேலை தேடுபவர்களுக்கு மட்டும் என்று இதை ஒதுக்கிவிடுகிறார்கள், அது சரியல்ல.

கமர்ஷியல் உரிமமும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் இருந்தால் விமானப் பயிற்றுநர் சான்றுக்குப் போகலாம். இரண்டு எழுத்துத் தேர்வு: ஒன்று கற்பித்தலின் அடிப்படைகள், இன்னொன்று விமானப் பாடம். சுழல்வீழ்ச்சியில் நுழைந்து வெளியே வரத் தெரியும் என்று பயிற்றுநர் ஒருவரின் கையெழுத்து வேண்டும். வாய்மொழித் தேர்வு மணிக்கணக்கில் நீளும். பாதி நாள் போனாலும் வியப்பில்லை. வலது இருக்கையில் உட்கார்ந்து இறக்கப் பழகுவது முதல் வாரத்தில் அகந்தையைக் கொஞ்சம் தட்டிவைக்கும். அதன் மேல் கருவிப் பயிற்றுநர் ரேட்டிங்கைச் சேர்த்தால், இன்ஸ்ட்ருமென்ட் மாணவர்களுக்கும் கற்றுக்கொடுக்கலாம்.

ஏன் இதை உயர்த்திப் பேசுகிறேன்? ஹோல்டிங்கில் எந்தப் பக்கமாக நுழைய வேண்டும் என்பதை உங்களுக்குத் தெரிந்த அளவில் செய்துவிடலாம். அதையே குழம்பிப்போன மாணவருக்கு, அவர் விமானத்தை ஓட்டிக்கொண்டிருக்கும்போதே விளக்க வேண்டியிருக்கும்போதுதான் உங்களுக்கு எது புரியவில்லை என்று தெரியும். தவிர, கருவிப் பயிற்றுநர் நிஜ மேகத்தில் மாணவரோடு பறக்கும்போது, அவருடைய அப்ரோச்சுகளைத் தன் கணக்கிலும் எழுதிக்கொள்ளலாம். முதல் வழியில் தொங்கிக்கொண்டிருக்கும் ஆறு மாதக் கடிகாரம் இப்படித் தானாகவே ஓடும்.

பகுதிநேரமாகச் செய்பவர்களுக்கு முன்பு இருந்த ஒரு தொல்லையும் குறைந்திருக்கிறது. பயிற்றுநர் சான்று 24 மாதத்தில் காலாவதியாகும் வழக்கம் இருந்தது. 2024 டிசம்பர் முதல் சான்றில் காலாவதித் தேதி அச்சிடப்படுவதில்லை. 24 மாதத்துக்கு ஒரு முறை அண்மைப் பயிற்சியைக் காட்டினால் போதும்.

குறை சொல்ல வேண்டுமென்றால், ஊதியத்தை நம்பி இதில் இறங்குவது புத்திசாலித்தனம் அல்ல. மணிக்கணக்கைச் சேர்ப்பதற்காக மட்டும் பயிற்றுநர் ஆனவரிடம் மாட்டிக்கொண்ட மாணவரைப் பார்த்தாலும் மனம் வருந்தும். கற்றுக்கொடுப்பதில் ஈடுபாடு இல்லாதவர் பதாகை இழுக்கப் போகலாம்; எல்லோருக்கும் நல்லது.

விமான நிறுவனக் கனவைப் பற்றி இங்கேயே சொல்லி முடித்துவிடலாம், ஏனென்றால் அந்தப் பாதை பெரும்பாலும் பயிற்றுநர் வேலை வழியாகத்தான் போகிறது. உயர்நிலை உரிமத்துக்கு 23 வயதும் 1,500 மணி நேரமும் வேண்டும். ராணுவப் பைலட்டுக்கு 750, விமானத்துறைப் பட்டதாரிக்கு 1,000 என்று சலுகை அளவுகள் உண்டு. அதற்கு முன் 30 மணி நேர வகுப்பும் 10 மணி நேர சிமுலேட்டரும் கொண்ட ஒரு கட்டாயப் பாடம் இருக்கிறது. 2009 பிப்ரவரியில் பஃபலோ நகருக்கு அருகே 50 பேரைப் பலிகொண்ட கோல்கன் ஏர் 3407 விபத்துக்குப் பிறகு வந்த சட்டத்தின் விளைவு இது. அந்த விமானத்தின் இரு பைலட்டுகளுக்குமே 1,500 மணி நேரத்துக்கு மேல் அனுபவம் இருந்தது. இறக்கை தூக்குவிசையை இழக்கும் ஸ்டால் நிலைக்கான எச்சரிக்கை வந்தபோது கேப்டன் மூக்கைத் தாழ்த்தாமல் பின்னால் இழுத்தார் என்பதே விசாரணையின் முடிவு. எண்ணிக்கை எதற்கு மருந்து, எதற்கு இல்லை என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. நீங்கள் அந்த வாதத்தில் எந்தப் பக்கம் இருந்தாலும் 1,500 வேண்டும்.

எஞ்சினை அணைத்துப் பறப்பதும் தலைகீழாகப் பறப்பதும்

சிறிய செலவில் பெரிய பயன் தேடுபவர்கள் இந்த மூலையைப் பார்க்கலாம். வால்சக்கர விமானத்துக்கு மணிக்கணக்கு இல்லை, பயிற்றுநரின் கையெழுத்து போதும். நீர்விமான ரேட்டிங்குக்கு எழுத்துத் தேர்வு இல்லை. கொண்டாட்டமாக இருக்கும், அதற்கு மேல் அதில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். 200 குதிரைச் சக்திக்கு மேற்பட்ட எஞ்சின், மடங்கும் சக்கரம் ஆகியவற்றுக்கான கையெழுத்துகளை அந்த விமானம் வாய்க்கும்போது வாங்கிக்கொள்ளலாம்.

கிளைடர் வேறு வகை. 1983 ஜூலையில் ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து நின்றது. கேப்டன் பாப் பியர்சன் அதை மனிடோபாவின் கிம்லியில் இருந்த பழைய விமானப்படைத் தளத்தில், கிளைடர் பைலட்டுகளுக்குப் பழக்கமான, விமானத்தைப் பக்கவாட்டில் சறுக்கவிடும் சைட்ஸ்லிப் முறையில் உயரத்தைக் குறைத்து இறக்கினார். அவர் கிளைடர் ஓட்டியவர். உங்களுக்கு அப்படி ஒரு நாள் வராது. ஆனால் எஞ்சின் இல்லாமல் காற்றைப் படித்து உயரத்தைக் கணக்கிடும் பழக்கம், திரைகளுக்கு நடுவே வளர்ந்த பைலட்டுக்குச் சத்துணவு.

மேகத்தில் பறக்கப்போகிறவருக்கு இந்த மூலையில் நான் முதலில் சொல்வது, நிலைகுலைவிலிருந்து மீளும் பயிற்சி. இன்ஸ்ட்ருமென்ட் பாடத்தில் ஹூட் அணிந்து கற்றது மிதமான சாய்வுகளை மட்டும்தான். பயணியோடு 60 டிகிரிக்கு மேல் சாய்த்தாலோ, மூக்கை 30 டிகிரிக்கு மேல் உயர்த்தினாலோ தாழ்த்தினாலோ எல்லோரும் பாராசூட் அணிந்திருக்க வேண்டும் என்பது பொதுவிதி. ஆகையால் சாதாரணப் பயிற்சி அந்த எல்லைக்குள்ளேயே நின்றுவிடுகிறது. சாகச விமானத்தில், தகுதியான பயிற்றுநரோடு, முழுதாகத் தலைகீழாகப் போய்த் திரும்பி வந்தவருக்கு அந்தக் காட்சி பிறகு அந்நியமாக இருக்காது. இரண்டு மூன்று நாள் போதும். இரட்டை எஞ்சினுக்குச் செலவழிக்க வைத்திருக்கும் பணத்தில் ஒரு பகுதிதான் இதற்கு ஆகும்.

சொந்த விமானம், பங்கு விமானம்

இது ரேட்டிங் அல்ல என்றாலும் ஒப்பீட்டில் இடம்பெற வேண்டும், ஏனென்றால் வாடகை விமானத்தில் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கைப் பயன்படுத்துவது கடினம். மூன்று விமானத்தில் மூன்று விதமான ஜிபிஎஸ் இருக்கும். ஒன்றில் ஆட்டோபைலட் வேலை செய்யாது. ஜிபிஎஸ் தரவுத்தொகுப்பு 28 நாளுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுகிறது. வாடகைக்கு விடுபவர் அதற்குப் பணம் கட்டியிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். உயரமானி, நிலையழுத்தக் குழாய்கள், ரேடாருக்குப் பதில் அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் ஆகியவற்றின் சோதனை 24 மாதத்துக்குள் நடந்திருக்க வேண்டும். விஓஆர் என்னும் ரேடியோ வழிகாட்டுக் கருவியைப் பயன்படுத்துவதானால் 30 நாளுக்குள் சரிபார்த்திருக்க வேண்டும். வாடகை விமானத்தில் இவற்றில் ஏதோ ஒன்று இல்லாததால் கருவிப் பறப்பு தடைப்படுவது மிகச் சாதாரணம்.

மேகத்துக்குள் விசையைத் தேடக் கூடாது; கை தானாகப் போக வேண்டும். ஒரே காக்பிட்டில் பழகுவதன் மதிப்பு இதுதான். முழுதாக வாங்கினால் நிறுத்துமிடம், காப்பீடு, ஆண்டுச் சோதனை எல்லாம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் உங்கள் தலையில். மூன்று, நான்கு பேர் பங்காக வாங்கினால் அந்த நிலைச்செலவு பங்காகும், விமானமும் வாரக்கணக்கில் சும்மா நிற்காது. வாங்குவதற்கு முன்பே எழுத வேண்டியது விலகும் விதி: ஒருவர் பங்கை விற்க நினைத்தால் விலை எப்படித் தீர்மானிக்கப்படும், எஞ்சின் மறுசீரமைப்புக்கான நிதியில் அவருக்குத் திரும்ப என்ன கிடைக்கும் என்பவை. நண்பர்கள்தானே என்று இதை விட்டுவிடும் கூட்டு, நட்பையும் விமானத்தையும் ஒன்றாக இழக்கும்.

சொந்த விமானம், பங்கு விமானம் இரண்டுமே கைக்கெட்டாதவருக்கு அங்கீகரிக்கப்பட்ட சிமுலேட்டர் இருக்கிறது. ஆறு மாதத் தேவையைப் பயிற்றுநர் இல்லாமலே அதில் முடிக்க 2018 முதல் விதி இடம்கொடுக்கிறது. வீட்டுக் கணினியில் ஓடும் பறப்பு விளையாட்டுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. ஆனால் ஜிபிஎஸ்ஸில் அப்ரோச்சை ஏற்றும் வரிசையை விரலுக்குப் பழக்க அது மலிவான வழி.

தன்னார்வப் பறப்பு பற்றி இரண்டு வரி. 1941 டிசம்பரில் தொடங்கிய சிவில் ஏர் பேட்ரோல், தொலைவிலுள்ள மருத்துவமனைக்கு நோயாளிகளை இலவசமாகக் கொண்டுசெல்லும் அமைப்புகள் ஆகியவை இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் உள்ளவர்களை வரவேற்கும். பறப்பதற்கு ஒரு காரணம் கிடைப்பது பெரிய விஷயம். கூடவே, நோயாளி காத்திருக்கிறார் என்ற எண்ணம் வானிலை முடிவை வளைக்கப் பார்க்கும். உங்கள் எல்லைகள் உறுதிப்பட்ட பிறகு சேருங்கள்.

வரிசை எப்படி?

குடும்பத்தோடு ஊர் ஊராகப் போவதற்காக ரேட்டிங் எடுத்தவருக்கு: முதல் ஆண்டு மேகமும் பயிற்றுநரும், அடுத்து பங்கு விமானம், இடையே நிலைகுலைவுப் பயிற்சி. கமர்ஷியல் மணிக்கணக்கு தானாக எட்டும்போது பார்த்துக்கொள்ளலாம். தொழிலாக எண்ணுபவர் கமர்ஷியல், பயிற்றுநர், கருவிப் பயிற்றுநர், அதற்குப் பிறகு இரட்டை எஞ்சின் என்று இடைவெளி விடாமல் போகட்டும்; ஆனால் முதல் வகுப்பு மருத்துவச் சான்று கிடைக்குமா என்பதைச் செலவு தொடங்கும் முன்பே தெரிந்துகொள்ளட்டும். பறப்பதே இன்பம் என்பவர் கிளைடர், வால்சக்கரம் பக்கம் போய்விட்டு, ஆறு மாதத்துக்கு ஒரு முறை பயிற்றுநரோடு ஒரு நாள் உட்கார்ந்தால் போதும்.

வயதில் மூத்தவருக்கு இந்த வரிசை வேறு மாதிரி. 2017-இல் வந்த பேசிக்மெட் முறையில், குடும்ப மருத்துவர் நான்கு ஆண்டுக்கு ஒரு முறை பரிசோதித்து, இணையவழிப் பாடத்தை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை முடித்தால், 18,000 அடி வரை, 250 நாட் வேகத்துக்குள் கருவிப் பறப்பும் செய்யலாம். 2006 ஜூலை 14-க்குப் பிறகு ஒரு முறையாவது எஃப்ஏஏ மருத்துவச் சான்று வைத்திருந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பயணிகளைக் கூலிக்கு ஏற்ற இது செல்லாது, எனவே கமர்ஷியலின் தொழில்முறைப் பயன்கள் பெரும்பாலும் அடைபட்டுவிடும். கற்றுக்கொடுக்க இது செல்லும். ஹூட் அணிந்த மாணவரோடு பறக்கும்போது பயிற்றுநர் கட்டாயப் பணிக்குழுவில் ஒருவர் என்பதால் பேசிக்மெட்டாவது தேவை. மாணவர் தானே முழுத் தகுதியோடு பைலட்-இன்-கமாண்டாக இருந்து, ஹூட் இல்லாமல் பறக்கும் பாடங்களுக்குப் பயிற்றுநரிடம் எந்த மருத்துவச் சான்றும் கேட்கப்படுவதில்லை. அறுபதைத் தாண்டியவர் இரட்டை எஞ்சினை விட்டுவிட்டுப் பயிற்றுநர் சான்றுக்குப் போக இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.